‘மற்றும் தாளக் குழுவினர்’: மெல்லிசைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மெல்லிசைக் குழுக்களை நடத்தும் நண்பர்களுக்கும், மேடையோரம் நின்று மைக் பிடிக்கும் அறிவிப்பாளர்களுக்கும் வணக்கம்.

சென்ற பங்குனித் திருவிழாவில் ஓர் ஊரில் இன்னிசைக் கச்சேரி கேட்டேன். ஊரையும் குழுவையும் சொல்லப்போவதில்லை. எந்த ஊரிலும் எந்தக் குழுவிலும் நடப்பதுதான் அங்கேயும் நடந்தது. பத்தே முக்கால் மணி வாக்கில் அறிவிப்பாளர் குழுவினரை அறிமுகம் செய்யத் தொடங்கினார். பாடகர்களுக்கு ஆளுக்கு இரண்டு பட்டம். கீபோர்டுக்காரருக்கு நான்கு வரிக் கவிதை. தபேலாக்காரருக்குப் பெயர், ஊர், குருநாதர் எல்லாம் வந்தன. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, “மற்றும் தாளக் குழுவினர்” என்று முடித்து அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்.

அந்த ‘மற்றும்’ என்ற சொல்லுக்குள் மூன்று பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் இடுப்புக்கு மேல் உயர்ந்த இரண்டு தும்பாக்களுக்கு, அதாவது கையால் தட்டும் நெட்டைக் கொட்டுகளுக்கு, பின்னால் நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும். விரல்களில் வெள்ளைப் பிளாஸ்திரி சுற்றியிருந்தார். தன் முறை வருகிறது என்று நினைத்து வணக்கம் சொல்ல வலது கையைப் பாதி தூக்கினார். பெயர் வரவில்லை. தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே கொண்டுபோய்த் தலையைச் சொறிந்துகொண்டார். மைதானத்தில் ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். அதைப் பார்த்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பார்க்கக் காரணம் இருந்தது.

நானும் அறிவிப்பாளன்தான். 1984 முதல் 11 ஆண்டுகள் மதுரைப் பக்கத்துக் குழு ஒன்றில் மைக் பிடித்தேன். ‘மற்றும்’ எனக்கும் கைவந்த சொல். எங்கள் குழுவில் தும்பா வாசித்தவரை எல்லோரும் ‘தும்பா அண்ணன்’ என்றே அழைத்தோம். சம்பள நோட்டிலும் ‘தும்பா – 60 ரூபாய்’ என்றுதான் எழுதியிருக்கும். 11 ஆண்டுகளில் ஒரு மேடையிலும் அவர் பெயரை நான் சொன்னதில்லை, தெரிந்தால்தானே சொல்வதற்கு. 2009-இல் பஸ் நிலையச் சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் அவருடைய முகத்தைப் பார்த்து நின்றேன். கீழே இருந்த பெயரை அன்றுதான் முதன்முதலாகப் படித்தேன். நல்ல பெயர். மைக்கில் சொன்னால் எடுப்பாக இருந்திருக்கும்.

கச்சேரி முடிந்து விடியற்காலையில் திரும்பும் வேனில் தும்பா அண்ணன் ஒரு கேசட் போடுவார். சிங்கப்பூரிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்தது. உறையும் கிடையாது, எழுத்தும் கிடையாது. அதில் ஒரு பாட்டு. பாட்டு என்றுகூடச் சொல்ல முடியாது. கீழே தும்பா புகைந்துகொண்டிருக்க, சிலர் ஒரே ஒரு சொல்லைக் கத்துவார்கள். அதற்குமேல் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். அந்தச் சொல் எங்கள் காதில் ‘மந்தைக்கா’ என்று விழும். மந்தைக்கா போக வேண்டும் என்று கேட்டு அவரைக் கேலி செய்வோம். அவர் பதில் சொல்லமாட்டார். முன்னிருக்கையின் முதுகில் தட்டிக்கொண்டே வருவார்.

சில ஆண்டுகளுக்கு முன் கண்ணில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, படிக்கக் கூடாது என்ற கட்டளையோடு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பேரன் கைபேசியில் எதையோ ஓடவிட்டுப் போயிருந்தான். பாதித் தூக்கத்தில் ‘மந்தைக்கா’ கேட்டது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். சொல் ‘மான்டேக்கா’. ஸ்பானிய மொழியில் பன்றிக் கொழுப்பு என்று பொருள். 1947 டிசம்பர் 30-இல் அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியின் இசைக்குழு பதிவு செய்தது. தும்பா வாசித்தவர் சானோ போசோ. இசைத்தட்டில் அதை உருவாக்கியவர்கள் வரிசையிலும் அவர் பெயர் இருக்கிறது. தும்பாக்காரரின் பெயர்!

அன்று பிடித்த பித்து இன்னும் விடவில்லை. இந்த மடலில் உங்களிடம் கேட்கப்போவது சிறிய விஷயம். ஆனால் அதைக் கேட்பதற்கு முன், உங்கள் மேடையின் பின்வரிசையில் நிற்கும் அந்தக் கருவி எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

‘தும்பா’ என்பது நாம் வைத்த பெயர் இல்லை. கியூபாவில் அந்தக் கருவிக்குத் தும்படோரா என்று பெயர், சுருக்கமாகத் தும்பா. அங்கே அளவுக்கு ஒரு பெயர் உண்டு. சிறியதும் உச்சக்குரலுமான கின்டோ, நடுவில் கொங்கா, பெரியதும் அடிக்குரலுமானது தும்பா. திரைப்பட ஒலிப்பதிவுக் கூடங்களின் வழியாக நம் மேடைக்கு வந்த பிறகு எல்லாவற்றையும் நாம் தும்பா ஆக்கிவிட்டோம். மூன்றை ஒன்றாக நிறுத்தினால் ‘ட்ரிபிள் காங்கோ’. மூன்றையும் மூன்று சுருதிக்குக் கட்டி, ஒற்றை ஆளாக மெட்டே வாசித்துக் காட்டிய முன்னோடி கான்டிடோ கமேரோ. கியூபாவில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்து 2020-இல், 99 வயதில் இறந்தார். உங்கள் ட்ரிபிள் காங்கோவுக்கு ஒரு தாத்தா இருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கியூபாவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைக் கப்பல் கப்பலாக இழுத்து வந்தார்கள். அங்கே அடிமை முறை ஒழிந்தது 1886-இல்தான். வந்தவர்களிடமிருந்து ஊர், பெயர், மொழி எல்லாம் பிடுங்கப்பட்டன. ஆனால் ஒரே இனத்தைச் சேர்ந்தவர்கள் கூடி ‘கபில்தோ’ என்ற சங்கங்களை நடத்த ஸ்பானிய ஆட்சி விட்டுவைத்தது. நோயுற்றவருக்கு உதவுவதும் இறந்தவரை அடக்கம் செய்வதும் அந்தச் சங்கங்களின் வேலை; காசு சேர்த்து உறுப்பினரின் விடுதலையை விலைக்கு வாங்கியதும் உண்டு. விழா நாளில் அங்கே கொட்டு முழங்கும். தெய்வத்தின் பெயரும் முன்னோர் பெயரும் அந்தக் கொட்டுக்குள்தான் பத்திரமாக இருந்தன.

அதனால்தான் அதிகாரத்தில் இருந்தவர்களுக்கு அது என்றும் ஆகவில்லை. துறைமுகத் தொழிலாளிகள் ரும்பா ஆடிய இடங்களில் கொட்டுக்குப் பதிலாகக் கருவாட்டுப் பெட்டியையும் மெழுகுவத்திப் பெட்டியையும் தட்டினார்கள். பெட்டியைத் தட்டினால் யார் என்ன சொல்ல முடியும்? இன்றும் யாம்பு என்ற மெதுவான ரும்பாவைப் பெட்டியில் வாசிப்பதே மரபு. ஹவானாவில் ‘கம்பார்சா’ எனும் தெரு ஊர்வலங்களை 1910-களில் தடை செய்தார்கள். மறுபடி அனுமதித்தது 1937-இல். சாந்தியாகோ நகரத்து மேயர் ஒருவர் 1925-இல் கொங்கா கொட்டி ஆடும் தெரு ஆட்டத்தை நாகரிகமற்றது என்று தடை செய்தார். அவருடைய மகன் டெசி அர்னாஸ் பின்னாளில் அமெரிக்காவில் அதே கொங்காவைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் நட்சத்திரமானார். அப்பா தடுத்தது பையனுக்குச் சோறு போட்டது. தோல் கருவியைத் தொடுகிறவரைத் தள்ளி நிறுத்தும் வழக்கத்தைக் கியூபாக்காரர் வந்து நமக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆகவே மேலே போகிறேன்.

அமெரிக்காவின் கதை இதைவிடக் கடுமை. 1739-இல் தென் கரோலினாவில் அடிமைகள் கொட்டு முழக்கி, ஆள் சேர்த்துக் கிளர்ந்தெழுந்தார்கள். அடுத்த ஆண்டே அங்கு வந்த சட்டம், அடிமைகள் கொட்டும் கொம்பும் வைத்திருப்பதைத் தடை செய்தது. நியூ ஆர்லியன்ஸில் மட்டும், காங்கோ சதுக்கம் என்ற இடத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்ட முடிந்தது. ஜாஸ் அந்த ஊரில் பிறந்தது தற்செயல் இல்லை என்பது என் எண்ணம். ஹவானாவுக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் இடையே கப்பல்கள் ஓயாமல் போய்வந்தன. மெட்டும் தாளமும் அவற்றிலேயே ஏறி வந்தன. அந்த ஊர்ப் பியானோக்காரரான ஜெல்லி ரோல் மார்ட்டன், கொஞ்சம் ஸ்பானியச் சாயல் சேராவிட்டால் ஜாஸுக்குப் பக்குவம் வராது என்று 1938-இல் சொல்லிவைத்தார். நம் சமையலறை மொழியில் சொன்னால், தாளிக்காத குழம்பு.

இப்போது ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். கொட்டைத் தடை செய்த அதே தென் கரோலினாவில், செரா என்ற சிற்றூரில், 1917-இல் பிறந்தவர்தான் டிஸ்ஸி கில்லெஸ்பி. இரண்டு நூற்றாண்டுக்கு முன் அவருடைய முன்னோரிடமிருந்து பறித்த கருவியை அவர் தேடிப் போனார். வழி காட்டியவர் மாரியோ பௌசா.

பௌசாவைப் பற்றித் தனியாக ஒரு மடலே எழுதலாம். இளம் வயதிலேயே ஹவானா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவில் கிளாரினெட் வாசித்தவர். 1930-இல் நியூயார்க் வந்தார். வந்த இடத்தில் டிரம்பெட் கற்றுக்கொண்டு சிக் வெப்பின் ஜாஸ் குழுவுக்கு இசை இயக்குநரே ஆனார். பிறகு கேப் கேலொவே குழுவில் இருந்தபோது, இளைஞர் கில்லெஸ்பி அங்கே சேரக் காரணமாக இருந்தவரும் இவரே. 1940-இல் தன் மைத்துனரும் பாடகருமான மச்சீத்தோவோடு சேர்ந்து ஒரு குழு தொடங்கினார். குழுவுக்கு வைத்த பெயர்: ‘மச்சீத்தோவும் ஆஃப்ரோ-கியூபர்களும்’.

சுவரொட்டியில் ‘ஆஃப்ரோ’ என்று பெரிய எழுத்தில் போட்டார்கள். ஆண்டு 1940. அமெரிக்கத் தெற்கில் கறுப்பருக்குத் தனிக் குழாய், தனிக் கதவு. நியூயார்க்கின் பெரிய ஓட்டல்களில் லத்தீன் இசை என்றால் வெள்ளைத் தோலும் சுருள் கைச் சட்டையுமாக வருகிறவர்களுக்குத்தான் இடம். கறுப்பராகப் பிறந்த கியூபர்களேகூட ‘ஆப்பிரிக்கா’ என்ற சொல்லை மறைக்கப் பார்த்த காலம் அது. இவர்கள் அதையே பெயர்ப்பலகை ஆக்கினார்கள். பின்னாளில் எல்லோரும் ‘லத்தீன் ஜாஸ்’ என்று பொதுப்படப் பேசத் தொடங்கியபோதும், தான் வாசிப்பது ஆஃப்ரோ-கியூப ஜாஸ்தான் என்று பௌசா 1993-இல் இறக்கும்வரை பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பெயர் விஷயத்தில் மனிதர் ஓர் அங்குலம் விட்டுக்கொடுத்ததில்லை.

கில்லெஸ்பி தன் குழுவுக்கு ஒரு தும்பாக்காரர் வேண்டும் என்று கேட்டபோது பௌசா காட்டிய ஆள்தான் சானோ போசோ. இயற்பெயர் லூசியானோ போசோ கொன்சாலஸ். 1915-இல் ஹவானாவில் பிறந்தவர். ஒரே முற்றத்தைச் சுற்றி அறைக்கு ஒரு குடும்பமாக வாழும் ‘சொலார்’ எனும் ஏழைக் குடியிருப்பில் வளர்ந்தவர். தடை நீங்கிய பிறகு தெருவுக்கு வந்த கம்பார்சாக்களில் ஆடியும் கொட்டியும் பாட்டு எழுதியும் பெயர் எடுத்தவர். அபக்குவா என்ற ஆண்களின் இரகசியச் சங்கத்தில் உறுப்பினர். அந்தச் சங்கத்தின் மந்திரங்கள் வெளியாருக்குக் கேட்கக் கிடைக்காதவை. அந்த மனிதர் 1947 செப்டம்பர் 29-இல் நியூயார்க்கின் கார்னகி அரங்க மேடையில் நின்று கொட்டினார், தன் ஆப்பிரிக்க முன்னோரின் மொழியில் ஓதினார்.

அவருக்கு ஆங்கிலம் வராது. கில்லெஸ்பிக்கு ஸ்பானியம் வராது. இருவருமே ஆப்பிரிக்க மொழியில் பேசிக்கொள்கிறோம் என்று போசோ தன் கொச்சை ஆங்கிலத்தில் சொன்னதைக் கில்லெஸ்பி பிறகு பல இடங்களில் சிரிப்போடு நினைவுகூர்ந்திருக்கிறார். ஊர் ஊராகப் போகும் பஸ்ஸில் போசோ ஆளுக்கொரு கொட்டைக் கையில் கொடுத்து, ஒவ்வொருவருக்கும் வேறு வேறு தாளத்தைச் சொல்லிக் கொடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து ஓடவிடுவாராம். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வேன் நினைவு வந்தது. அங்கே கற்றுக்கொண்டார்கள், நாங்கள் கேலி செய்தோம்.

‘மான்டேக்கா’ உருவான விதமும் அப்படித்தான். போசோவுக்கு இசைக்குறி எழுதத் தெரியாது. வாயாலேயே பேஸ் பாடிக் காட்டினார். பிறகு சாக்ஸபோன் என்ன செய்ய வேண்டும், டிராம்போன் எங்கே நுழைய வேண்டும், டிரம்பெட் எதைச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பாடினார். ஒன்றுக்குமேல் ஒன்றாக அடுக்கினால் கட்டடம் எழுந்துவிட்டது. இப்படியே போனால் ஒரே சுவரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் என்று நினைத்த கில்லெஸ்பி நடுவில் பாலம்போல வேறொரு மெட்டு எழுதினார். எட்டுத் தாளச் சுற்று போதும் என்று தொடங்கியது பதினாறில்தான் நின்றது. கில் ஃபுல்லர் எல்லாவற்றையும் குழுவுக்காக ஒழுங்குபடுத்தினார். மூன்று பேர் பெயரும் அதில் உண்டு. மேடையில் வாசிக்கும்போது, ஜார்ஜியாவுக்கு இனித் திரும்பமாட்டேன் என்று கில்லெஸ்பி அதற்குமேல் பாடுவார். நடன இசைக்கு நடுவே தெற்கின் நிறவெறிக்கு ஒரு வரி.

இந்த இசையின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள மேசை ஒன்று போதும். நம் ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையை ஒவ்வொன்றும் இரண்டாக உடையுங்கள், பதினாறு கிடைக்கும். அதில் 1, 4, 7, 11, 13 ஆகிய இடங்களில் மட்டும் தட்டுங்கள். முதல் பாதியில் மூன்று தட்டு, பின் பாதியில் இரண்டு. இதற்குக் ‘கிளாவே’ என்று பெயர். சாவி என்று பொருள். இரண்டு சிறிய கட்டைகளை மோதி வாசிப்பார்கள். பல நேரம் யாருமே அதை வாசிப்பதில்லை, ஆனால் பியானோ, பேஸ், பாடகர், ஆடுகிறவர் என்று எல்லோர் மனத்திலும் ஓடிக்கொண்டிருக்கும். அதற்குக் குறுக்கே போய்விட்டால் தாளம் தப்பிய மிருதங்கம்போல ஊரே திரும்பிப் பார்க்கும்.

தும்பாவில் வாசிக்கும் அடிப்படை நடை எட்டுத் தட்டு. உள்ளங்கையின் அடிப்பகுதி, விரல் நுனி, ஓர் அறை, விரல் நுனி, மறுபடி உள்ளங்கை, விரல் நுனி, பிறகு திறந்த தட்டு இரண்டு. கூட்டத்துக்குக் கேட்பது கடைசியில் வரும் அந்த இரண்டும்தான். நடுவில் வரும் அறை டப்பென்று விழுந்து மறைந்துவிடும். மற்றவை தோலுக்கு மட்டும் தெரியும். நம் குழுவில் தும்பா அண்ணன் ஏன் எந்நேரமும் கையை அசைத்துக்கொண்டிருக்கிறார், சத்தம் மட்டும் அவ்வப்போதுதான் வருகிறது என்று ஒரு பாடகர் என்னிடம் கேட்டிருக்கிறார். சும்மா பாவனை செய்கிறார் என்று நானும் சொல்லியிருக்கிறேன். என் வாயில் மண்.

போசோவுக்கு அதிக நாள் கிடைக்கவில்லை. 1948 இறுதியில், தெற்கே பயணம் போன இடத்தில் கொட்டுகள் திருட்டுப்போயின. நியூயார்க் திரும்பினார். டிசம்பர் தொடக்கத்தில் ஹார்லெமில் ஒரு மதுக்கடைக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 33. கில்லெஸ்பியோடு வாசித்தது ஓராண்டுக்குச் சற்று அதிகம். அதற்குப் பிறகு ஜாஸ் பழையபடி இருக்கவில்லை.

பிறகு வந்தது மம்போ எனும் கியூப நடன இசையின் காலம். பிராட்வேயில் 53-ஆம் தெருவில் இருந்த பல்லேடியம் நடன அரங்கில் கறுப்பர், போர்ட்டோ ரிக்கர், யூதர், இத்தாலியர் எல்லோரும் ஒரே தளத்தில் ஆடினார்கள். அமெரிக்காவின் பாதி மாநிலங்களில் அப்படி ஆடியிருந்தால் காவல்துறை வந்திருக்கும். அங்கே அரசராக இருந்தவர் டீட்டோ புவென்டே. போர்ட்டோ ரிக்கோப் பெற்றோருக்கு 1923-இல் நியூயார்க்கில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்துவிட்டு, போர்வீரர்களுக்கான படிப்பு உதவியில் ஜூலியர்ட் இசைப் பள்ளியில் படித்தவர். அவர் செய்த ஒரு காரியத்துக்காகவே இந்த மடலில் அவரைச் சேர்த்தேன். டிம்பாலஸ் எனும் உலோகக் கொட்டுகளைப் பின்வரிசையிலிருந்து தூக்கிக்கொண்டுவந்து மேடையின் முன்னால் வைத்தார். நின்றுகொண்டு வாசித்தார். தாளக்காரர் முன்னால் நின்றால் கூட்டம் எங்கே பார்க்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

போர்ட்டோ ரிக்கோவின் பழைய பொம்பா ஆட்டத்தில் இன்னும் ஒருபடி மேலே போவார்கள். அங்கே ஆடுகிறவரின் காலையும் பாவாடையின் விசிறலையும் பார்த்துக் கொட்டுக்காரர் பதில் சொல்ல வேண்டும். தோற்பதும் ஜெயிப்பதும் ஊர் முன்னால். எட்டி பால்மியெரியும் அந்தத் தீவிலிருந்து நியூயார்க் வந்த குடும்பத்துப் பிள்ளை. சிறுவயதில் டிம்பாலஸ் வாசித்துவிட்டுப் பியானோவுக்குப் போனவர். பியானோவையும் கொட்டாகவே நடத்தினார். 1970-களின் தொடக்கத்தில் சிங் சிங் சிறைச்சாலைக்குள் கைதிகளுக்காக வாசித்துப் பதிவு செய்தார். 2025 ஆகஸ்டில் அவர் மறைந்தபோது நம் பத்திரிகைகளில் இரண்டு வரி பார்த்த நினைவு இல்லை.

இனி, ‘மற்றும்’ என்ற நம் சொல்லுக்கு அமெரிக்காவிலும் ஓர் அண்ணன் இருந்ததைச் சொல்கிறேன். கிராமி விருதில் லத்தீன் ஜாஸுக்கு 1995 முதல் தனிப் பிரிவு இருந்தது. 2011 ஏப்ரலில் விருதுக் கழகம் 109 பிரிவுகளை 78 ஆகக் குறைத்தது. லத்தீன் ஜாஸ் போயிற்று. பொது ஜாஸ் பிரிவில் போட்டியிடுங்கள் என்றார்கள். ஹவாய் இசையும் அமெரிக்கப் பழங்குடி இசையும் தத்தம் பிரிவை இழந்து ‘வட்டார இசை’ என்ற ஒரே பைக்குள் போயின. நிர்வாகத்துக்கு வசதி. விருது என்பது ஏழைக் கலைஞருக்கு அடுத்த கச்சேரிக்கான கடிதம் என்பது நிர்வாகத்துக்குத் தெரியுமா? பிராங்க்ஸில் பிறந்த தாளக் கலைஞர் பாபி சனாப்ரியா முன்னின்று சண்டை போட்டார். கூட்டம் கூட்டினார்கள், மனு எழுதினார்கள், சனாப்ரியாவும் வேறு மூன்று இசைக்கலைஞர்களும் நியூயார்க் நீதிமன்றத்துக்கும் போனார்கள். 2012 ஜூனில் லத்தீன் ஜாஸ் பிரிவு திரும்ப வந்தது. பெயர்ப்பட்டியலில் ஒரு வரிக்காக ஓராண்டுப் போராட்டம். வீண்வேலை என்று எனக்குத் தோன்றவில்லை.

நண்பர்களே, உங்கள் சிரமம் எனக்குத் தெரியாதது இல்லை. விழாக் கமிட்டி தரும் பணம் ஏறவில்லை. வேன் வாடகை, ஒலிபெருக்கி, சாப்பாடு போக மிஞ்சுவதில் பன்னிரண்டு பேருக்குப் பிரிக்க வேண்டும். ரிதம் பேடு ஒன்று வாங்கினால் தும்பா, பாங்கோஸ், டோலக்கு என மூன்று ஆள் சம்பளம் மிச்சம். பல குழுக்கள் அதைத்தான் செய்திருக்கின்றன. குறை சொல்ல மாட்டேன். ஆனால் பேடில் குச்சி பட்டதும் வரும் அந்தத் தும்பா அறை, எந்திரம் தானாகக் கண்டுபிடித்த சத்தம் இல்லை. ஏதோ ஒரு கூடத்தில் ஏதோ ஒரு மனிதர் உள்ளங்கை சிவக்க அறைந்து பதிவு செய்தது. அவர் பெயரும் அந்தப் பெட்டியில் இல்லை.

ஆகவே இன்னும் ஆளை வைத்துத் தும்பா வாசிக்கும் குழுக்களிடம் கேட்கிறேன். கச்சேரி தொடங்கும் முன் அறிவிப்பாளர் ஒரு தாளை எடுத்துக்கொண்டு மேடையின் பின்வரிசைக்குப் போக வேண்டும். ஒவ்வொருவரிடமும் பெயர், ஊர், எத்தனை ஆண்டாக வாசிக்கிறார் என்று கேட்டு எழுத வேண்டும். மொத்தம் ஐந்து நிமிடம். ‘தும்பா அண்ணன்’, ‘பாங்கோஸ் மாமா’ என்று குழுவுக்குள் எப்படி வேண்டுமானாலும் கூப்பிடுங்கள். மைக்கில் தாளில் உள்ள பெயர் வர வேண்டும். சம்பள நோட்டிலும்கூட.

முடிந்தால் ஒரே ஒரு பாட்டுக்குத் தும்பாவை முன்வரிசைக்குக் கொண்டுவாருங்கள். நம் பழைய திரைப்பாட்டுகளில் தும்பாவும் பாங்கோஸும் கொடிகட்டிப் பறந்தவை ஏராளம். எதை எடுப்பது என்று உங்களுக்குத் தெரியும். பாடகர் பல்லவி எடுக்கும் முன் பதினாறு எண்ணிக்கை அவரைத் தனியாக வாசிக்க விடுங்கள். கீபோர்டுக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அறிவிப்பாளர்களுக்குத் தொழில் ரீதியாக ஒரு குறிப்பு. தும்பா வாசிப்பவரின் பெயரைச் சொன்னதும் அடுத்த வாக்கியத்துக்குப் பாயாதீர்கள். பெயர் கேட்டதும் அவர் கை தானாக ஓர் உருட்டு உருட்டும். அது முடிய மூன்று விநாடி ஆகும். மைக்கை வாயிலிருந்து எடுத்து, கொட்டின் பக்கம் திருப்பிப் பிடியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் அறிவிப்பாளர்